ஒற்றை அறை வீட்டுக்கு ஒரு ஒப்பம்

சாய்ந்தமருது
14.01.2024

அன்புள்ள இன்ஸாப் காக்காவுக்கு,

ஸலாம். கடிதத்தைக் கண்டதும் உம்மாவுக்கு ஏதோ என்று பதற வேண்டாம். உம்மா நலம். சீனி வருத்தமும் கட்டுக்குள் இருக்கிறது.

நீங்கள் என் அழைப்பை எடுக்காமல் இன்றைக்கு அறுபத்து மூன்று நாள். எடுத்தாலும் பயன் இருக்காது. நீங்கள் சத்தம் போடுவீர்கள், நானும் போடுவேன், யாராவது ஒருவர் இடையில் வெட்டிவிடுவோம். கடிதத்தை வெட்ட முடியாது. கிழிக்கலாம். ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்காமல் கிழிக்க உங்களால் முடியாது. எங்கள் கிளினிக் தாதியின் கணவர் நாளை டோஹாவுக்கு வருகிறார். அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

நடந்ததை நானே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் அந்நிய நாட்டில், யாரோ ஒருவர் வாயால் கேட்டீர்கள். அது என் பிழை. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். செய்த காரியத்துக்கு அல்ல.

நீங்கள் பதினான்கு வருடம் அடுத்தவர் வீடுகளுக்கு டைல்ஸ் பதித்து எனக்கு ஒரு வீடு கட்டினீர்கள். உறுதிப் பத்திரத்தையும் என் பெயரில் எழுதினீர்கள். அந்த வீட்டை நான் தங்கச்சி ஸம்றாவின் பெயருக்கு மாற்றி எழுதிவிட்டேன். அவளுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார் வந்து, கையில் வீடு இருந்தால் பெப்ரவரியில் நிக்காஹ், இல்லையென்றால் வேறு இடம் பார்க்கிறோம் என்று பணிவாகத்தான் சொன்னார்கள். பின்வளவில் இன்னொரு வீடு கட்டித் தருகிறேன், ஆறு வருடம் பொறுக்கச் சொல் என்றீர்கள். நம் தங்கச்சிக்கு இருபத்தாறு வயது. எனக்கு முப்பத்தேழு. எனக்கு வந்த சம்பந்தங்களை நான்தான் வேண்டாம் என்றேன் என்பது ஊருக்கே தெரியும். யாருக்காக அந்த வீட்டை நான் பொத்தி வைத்திருக்க வேண்டும்?

வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் புது மாப்பிள்ளையும் பெண்ணும், மற்றதில் உம்மா. தங்கச்சி கணவன் நடமாடுகிற வீட்டில் நாள் முழுவதும் முக்காட்டோடு ஒதுங்கி ஒதுங்கி வாழ எனக்கு விருப்பமில்லை. ஆகவே கல்முனையில், கிளினிக்குக்குப் பக்கமாக, வாடகைக்கு ஒரு சின்ன வீடு தேடுகிறேன். ஓர் அறை, ஒரு ஹோல், குசினி, உள்ளேயே குளியலறை. என் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். இதுவரை மூன்று பார்த்தேன். மூன்றும் சரிவரவில்லை.

உங்களிடம் எதுவும் கேட்க இதை எழுதவில்லை. இந்தச் செய்தியையாவது முதலில் என்னிடமிருந்து அறியுங்கள்.

உங்கள் தங்கச்சி
நப்லா


டோஹா
01.02.2024

நப்லாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

உன்னைப் போல வரிசையாக எழுத எனக்கு வராது. மனதில் உள்ளதைச் சொல்கிறேன். 2016இல் நாற்பது நாள் லீவில் வந்தேன். அதில் முப்பது நாள் அந்த வீட்டின் தரையில் முழங்காலில் நின்று டைல்ஸ் பதித்தேன். நிந்தவூரில் என் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு உன் மதினி, "நீங்க லீவுல வந்தீங்களா, கொந்தராத்து வேலைக்கி வந்தீங்களா" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் கேட்டாள். தங்கச்சி வீடு முதலில் முடியட்டும் என்றேன்.

அந்த வீடு கைமாறியதை யார் எனக்குச் சொன்னது தெரியுமா? மருதமுனை ஆள் ஒருவன். வேலைக்குப் போகும் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றோம். "காக்கா, ஒங்கட தங்கச்சி ஊட்ட எழுதிக் குடுத்திட்டாவாமே" என்றான். எனக்கு முன்பே தெரியும் என்பது போல நின்றேன். அன்று பகல் முழுவதும் டைல்ஸ் கோணலாகப் போனது. இருபத்திரண்டு டைல்ஸைக் கழற்றித் திரும்பப் பதித்தேன். பதினான்கு வருடத்தில் எனக்கு அப்படி நடந்ததில்லை.

நம் ஊரில் பெண்ணுக்கு வீடு என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் என்ன பேசுவார்கள்? இன்ஸாப் இத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்தும் அவன் தங்கச்சி கூலி வீட்டில் இருக்கிறாள் என்பார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? அப்படியானால் என் பதினான்கு வருடம் எதற்கு?

எனக்கு இதில் சம்மதம் இல்லை.

ஆனால் வீடு பார்க்கப் போகிறவளுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். குளியலறைக்குள் போய் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்று. ஓடை இருக்கும் பக்கமாக ஓடினால் நல்ல மேசன் பாஸ் ஒருவர் செய்த வேலை. வாசலுக்கு ஓடி வந்தால் அந்த வீட்டை எடுக்காதே. மேல்மாடி என்றால் கூரை மூலைகளைப் பார். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் அடித்தார்கள் என்று கேள்.

இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே.

இன்ஸாப்


கல்முனைக்குடி
24.02.2024

அன்புள்ள காக்காவுக்கு,

ஸம்றாவின் நிக்காஹ் பதினெட்டாம் திகதி நல்லபடி முடிந்தது. வீடியோவில் நீங்களும் பார்த்தீர்கள். உம்மாவைக் கேட்டீர்கள், மாப்பிள்ளையிடம் கதைத்தீர்கள், சமையல்காரரைக்கூட விசாரித்தீர்கள். என்னைத் தவிர எல்லோரையும் கேட்டீர்கள். நான் கதவுக்குப் பின்னால் பழத்தட்டோடு நின்றேன். உங்கள் குரல் அடைத்துப் போயிருந்தது. சளித் தடிமனா, வேறு எதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே என் பெட்டியை எடுத்துக்கொண்டு தாதி வீட்டுப் பின்னறைக்கு வந்துவிட்டேன். ஒன்றிரண்டு மாதத்துக்குத் தந்திருக்கிறாள்.

இதுவரை பதினொரு வீடு பார்த்துவிட்டேன். ஸ்கூட்டியில் இந்த ஊரின் எந்த ஒழுங்கைக்குள்ளும் கண்ணை மூடிக்கொண்டு போவேன். மருத்துவிச்சியாகப் பதின்மூன்று வருடம் போகாத வீடு இல்லை. போனால் கதிரை போடுவார்கள், இளநீர் வெட்டுவார்கள். அதே வீடுகளுக்கு வாடகைக்கு இடம் கேட்டுப் போனால் முகம் வேறாக இருக்கிறது. ஒரு பெண், அவளுடைய மூன்று பிள்ளைகளையும் நான்தான் மாதா மாதம் தராசில் போட்டு நிறுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மிஸ், ஒங்களத் தெரியாதா எங்களுக்கு? ஆனா தனியா ஒரு பொம்புளக்கிக் குடுத்தா நாலு பேர் கதைப்பாங்க." அந்த நாலு பேரையும் நானே நிறுத்துத்தான் வளர்த்திருப்பேன்.

இன்னொரு வீட்டில் குசினி படிக்கட்டுக்கு அடியில். நிமிர்ந்து நின்று சமைக்க முடியாது. இன்னொன்று கண்ணாடி யன்னல்களோடு அழகாக இருந்தது. ஆனால் வாடகை வெளிநாட்டு நிறுவனக்காரர்களுக்குச் சொல்கிற வாடகை. ஒரு வீட்டில் நீங்கள் சொன்னபடி வாளித் தண்ணீரை ஊற்றினேன். அது நேராகப் படுக்கையறைக்குப் போனது. வீட்டுக்காரர் திகைத்துப்போய், இதை யார் உங்களுக்குச் சொல்லித் தந்தது என்று கேட்டார். எங்கள் காக்கா டோஹாவில் டைல்ஸ் பாஸ் என்றேன். அதைச் சொல்லும்போது என் கழுத்து கொஞ்சம் நீண்டிருக்கும்.

இனி, எதற்கு என் பதினான்கு வருடம் என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். ஒக்டோபர் மாதம் நிந்தவூருக்கு மதினியைப் பார்க்கப் போயிருந்தேன். உங்கள் மகள் மின்ஹா பள்ளிக்கூடப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தாள். தந்தையின் பெயர், இன்ஸாப். தந்தையின் சொந்த ஊர் என்று ஒரு கோடு இருந்தது. அதில் பிள்ளை எந்த யோசனையும் இல்லாமல் "டோஹா" என்று எழுதினாள். மதினி அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தேநீர் வைக்கப் போகிறேன் என்று எழும்பிப் போய் நெடுநேரம் குசினியிலேயே நின்றாள்.

மின்ஹாவுக்கு ஒன்பது வயது. ஆறு வருடத்தில் பதினைந்து. நான் வீடு திரும்பும்போதே உறுதியை மாற்றி எழுத நொத்தாரிசுக்கு அழைப்பு எடுத்தேன்.

நப்லா


டோஹா
12.03.2024

நப்லாவுக்கு,

என் மகளைக் கொண்டு என்னை அடிக்காதே.

அந்தப் படிவத்தை உன் மதினியிடம் கேட்டேன். படம் எடுத்து அனுப்பினாள். சின்னப் பிள்ளையின் கையெழுத்து. "ஹா"வுக்குக் கால் போட மறந்து பிறகு இடையில் செருகியிருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 

நீ நினைப்பது சரியாக இருக்கலாம். ஆனால் ஆறு வருடம் உழைக்க நான் தயாராக இருந்தேன். என்னைக் கேட்காமலே நீ என்னை விடுதலை செய்தாய். கைதியைக்கூட ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் விடுவார்கள்.

இங்கே நோன்பு தொடங்கிவிட்டது. நோன்போடு வீடு வீடாக வெயிலில் அலையாதே. இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, நிந்தவூரில் உன் மதினியோடு போய் இரு. அவளும் சந்தோஷப்படுவாள். அதற்கு மனமில்லை என்றால் அந்தக் கண்ணாடி யன்னல் வீட்டை எடு. வாடகையை மாதா மாதம் நான் அனுப்புகிறேன். என் தங்கச்சி படிக்கட்டுக்கு அடியில் குனிந்து நின்று சமைக்கக் கூடாது.

உன்னுடைய குரலையும் அன்று கேட்டேன். பழத்தட்டை எங்கே வைப்பது என்று யாரிடமோ கேட்டாய். எனக்குத் தடிமன் இல்லை.

இன்ஸாப்


கல்முனைக்குடி
27.03.2024

அன்புள்ள காக்காவுக்கு,

கேட்காமல் செய்தது உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது கைதி என்ற அந்த ஒரு சொல்லில் எனக்கு விளங்கியது. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். நீங்கள் வேண்டாம் என்ற பிறகு நான் செய்திருக்க மாட்டேன். அதனால்தான் கேட்கவில்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் கவலையில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒருவருக்கு இருக்க முடியும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

மதினி வீட்டுக்கும் போகவில்லை, கண்ணாடி யன்னல் வீட்டையும் எடுக்கவில்லை. நீங்கள் வாடகை கட்டினால் அது இன்னொரு முறை நீங்கள் எனக்கு வீடு கட்டுவது. ஒரு ஆளுக்கு ஒரு முறை போதும்.

வீடு ஒன்று அமைந்திருக்கிறது. அமைந்தும் அமையாமல் நிற்கிறது. கல்முனை பஸாருக்குப் பின்னால், கடற்பக்கமாகப் போகிற ஒழுங்கையில், இரும்புக்கடை முகைதீன்பாவா என்பவருடைய மேல்மாடி. எழுபது வயது மனிதர். பிள்ளைகள் எல்லோரும் கொழும்பில். வெளியால் தனிப் படிக்கட்டு. ஏறினால் ஒரு ஹோல், அதற்குள் ஒரு அறை, நிமிர்ந்து நிற்கக்கூடிய குசினி. தண்ணீர் ஓடைக்குத்தான் ஓடியது. கூரை மூலையில் பழைய கறை ஒன்று இருந்தது. கேட்டேன். முந்திய மாரியில் ஒழுகியது, தகடு மாற்றிவிட்டேன் என்று மறைக்காமல் சொன்னார். யன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, சத்தம் மட்டும் வரும். வாடகை என் சம்பளத்தில் மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. சமாளிப்பேன்.

எல்லாம் பேசி முடித்து நான் ஆம் என்ற பிறகு அவர் ஒன்று சொன்னார். "ஒப்பந்தத்தில வாப்பா, காக்கா, மாப்புள, ஆராவது ஒரு ஆம்புள ஒப்பம் வெக்கணும், புள்ள. எனக்கு ஒங்கள்ள சந்தேகமில்ல. ஒலக வழக்கம் அப்படி."

வாப்பாவைக் கடல் கொண்டுபோய் இருபது வருடமாகப் போகிறது என்றேன். மற்ற இரண்டையும் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஸம்றாவின் மாப்பிள்ளை கேள்விப்பட்டு உடனே பேனாவோடு வரத் தயாரானார். நல்ல பிள்ளை. நன்றி சொல்லி வேண்டாம் என்றேன்.

இந்த ஊரில் பிறக்கிற பிள்ளையின் அட்டைக்கு என் ஒப்பம் போதும். அந்தப் பிள்ளைக்கு நிறை குறைந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் என் ஒப்பம் போதும். நான் ஓர் அறையில் படுத்துறங்க மட்டும் அது போதாதாம்.

ஞாயிற்றுக்கிழமை வரை தவணை தந்திருக்கிறார். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. நோன்பு திறக்கும்போது எனக்காக ஒரு துஆ கேளுங்கள். அதற்கு ஒப்பம் தேவையில்லை.

நப்லா


டோஹா
16.04.2024

அன்புள்ள தங்கச்சி நப்லாவுக்கு,

பெருநாள் நல்லபடி முடிந்ததா? உன் கடிதம் பெருநாளைக்கு மறுநாள்தான் கிடைத்தது. தவணை முடிந்து பத்து நாளுக்கு மேலாகிவிட்டது என்று தெரியும். இருந்தாலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கல்முனையில் தெரிந்த ஒருவரைப் பிடித்து, இரும்புக்கடை பெயர்ப்பலகையிலிருந்து இலக்கத்தை எடுத்து, முகைதீன்பாவாவுக்கு நானே அழைப்பு எடுத்தேன். கோபிக்காதே. முழுவதும் வாசி.

நான் நப்லாவின் காக்கா இன்ஸாப், டோஹாவிலிருந்து கதைக்கிறேன், ஒப்பம் வேண்டுமென்றால் தூதரகத்தில் முத்திரை குத்தியே அனுப்புகிறேன் என்றேன். அவர் சிரித்தார். "அது முடிஞ்சி ரெண்டு கிழமையாகிட்டு தம்பி. அவ குடி வந்திட்டா" என்றார்.

யார் ஒப்பம் வைத்தது என்று கேட்டேன். நீதான் என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார். நீ எனக்கு எழுதாத ஒன்றை, ஒருபோதும் எழுதியிருக்கவும் மாட்டாய், அந்த மனிதர் எனக்குச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நீ கடைக்குப் போயிருக்கிறாய். கடை நிறைய ஆட்கள். ஆம்பிள்ளை எங்கே என்று அவர் கேட்டிருக்கிறார். அதற்கு நீ சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "பொணைக்கி ஆள் கேக்கிறீங்க. என்ட பேருல இருந்த சொந்த ஊட்ட தங்கச்சிக்கி எழுதிக் குடுத்திட்டு வந்து நிக்கன். சொந்த ஊட்டயே குடுத்தவள் ஒங்கட கூலி ஊட்ட எடுத்துக்கிட்டு ஓடிருவனா?"

அதைக் கேட்டதும் அவர் பேனாவைத் தேடினாராம். தேடிக்கொண்டே, அந்த வீட்டை யார் கட்டியது என்று கேட்டாராம். "எங்கட காக்கா" என்றாயாம்.

"அதச் சொல்லக்க ஒங்கட தங்கச்சி நிண்ட நிலைய நீங்க பாத்திரிக்கணும் தம்பி. நான் எழுவது வருசத்தில ஒப்பந்தம் எவ்வளவோ எழுதிரிக்கன். அதப்போல ஒரு பொணை நான் கண்டில்ல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கதைத்தது எனக்குக் கேட்கவில்லை. வேலைத்தளத்தில் எட்டாம் மாடியில் நின்றேன். நான் பதித்துக்கொண்டிருந்ததும் ஓர் அறை வீடுதான். இப்படி எத்தனை நூறு வீட்டுக்குத் தரை பதித்திருப்பேன். அதில் யார் இருக்கப் போகிறார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அன்று நினைத்தேன்.

நான் கொடுத்த வீட்டை நீ உதறிவிட்டாய் என்றுதான் இத்தனை நாளும் எரிந்துகொண்டிருந்தேன். நீ அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்கு நடுவில் நிற்கிறாய். எனக்குத்தான் இவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

அந்த மருதமுனை ஆளைத் தேடிப் போய் நானே சொன்னேன். ஓம், என் தங்கச்சி வீட்டை எழுதிக் கொடுத்தாள், இப்போது தன் உழைப்பில் தனி வீடு எடுத்து இருக்கிறாள் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பார்க்கட்டும்.

கம்பனிக்கு அறிவித்தல் கொடுத்துவிட்டேன். மே முடிய என் கணக்கு முடிகிறது. ஜூன் இரண்டாம் திகதி விமானம். மின்ஹாவுக்கு அவளுடைய வாப்பாவின் ஊர் எது என்று நேரில் வந்து சொல்ல வேண்டும். கல்முனையில் டைல்ஸ் வேலைக்குப் பஞ்சமில்லை. வருமானம் குறையும். உன் மதினியிடம் சொன்னேன். "நீங்க வாங்க, மத்ததெல்லாம் பொறகு பாப்பம்" என்றாள்.

இனி உன் அழைப்பை எடுப்பேன். ஆனால் இவ்வளவையும் வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதினேன்.

ஒன்று கேட்க வேண்டும். வந்ததும் உன் வீட்டைப் பார்க்க வரலாமா?

உன் காக்கா
இன்ஸாப்


மேல்மாடி, கடற்கரை ஒழுங்கை
கல்முனை
05.05.2024

அன்புள்ள காக்காவுக்கு,

மேலே எழுதியிருக்கிற விலாசத்தைப் பாருங்கள். இந்த விலாசத்திலிருந்து நான் எழுதும் முதல் கடிதம் இதுதான்.

அந்த மனிதர் இரும்பு விற்கிறவர், அவருக்கு வாய் காக்கத் தெரியாது. கடையில் நான் கதைத்ததை உங்களுக்கு எழுத வெட்கமாக இருந்தது.  

உண்மையைச் சொல்கிறேன், முதல் வாரம் இங்கே சோறு இறங்கவில்லை. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்றே தெரியாமல் மூன்று நாளும் மிஞ்சியது. கதைக்க ஆளில்லாமல் வானொலியைச் சத்தமாக வைத்தேன். இரண்டாம் வாரம் அரிசி சரியாக வந்தது. மூன்றாம் வாரம் வானொலி போட மறந்துபோனேன். வேலை முடிந்து வந்து, முக்காட்டைக் கழற்றி வைத்து, யன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து தேநீர் குடிக்கிறேன். இதைப் போய் ஒரு செய்தியாக எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். எனக்கு இது செய்திதான்.

கையைப் பிடித்துக்கொண்டு வீடு தர மறுத்தாளே, அந்தப் பெண் கிளினிக்கில், "மிஸ், எங்க இரிக்கீங்க இப்ப" என்று கேட்டாள். சொன்னேன். தன் விதவை மதினிக்கும் இப்படி ஒரு வீடு கிடைக்குமா என்று மெல்லக் கேட்டாள். முகைதீன்பாவாவின் இலக்கத்தைக் கொடுத்தேன். கீழ்ப்பக்கத்திலும் அவருக்கு ஓர் அறை சும்மா கிடக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஸம்றாவும் மாப்பிள்ளையும் உம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். உம்மா படியில் இரண்டு முறை நின்று நின்று ஏறினா. அறையைப் பார்த்தா, குசினியைப் பார்த்தா, என் கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அமர்த்திப் பார்த்தா. என்ன சொல்லப்போகிறாவோ என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "சின்னந்தான் மகள்" என்றா. கட்டிலை விட்டு எழும்பிக்கொண்டே, "ஆனா இதுக்குள்ள நீ ஒத்தருக்கும் வெளக்கம் சொல்லத் தேவல்ல" என்றா. பிறகு சாப்பிட உட்கார்ந்தா. இரண்டாம் முறையும் சோறு கேட்டா.

நீங்கள் வருகிறீர்கள் என்று சொன்னதும் ஸம்றா அழுதாள். மாப்பிள்ளை விமான நிலையத்துக்கு ஒரு வாடகை வானுக்குச் சொல்லிவிட்டார். முதலில் நிந்தவூருக்குப் போங்கள். மதினியோடும் மின்ஹாவோடும் இரண்டு நாள் இருங்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள்.

என் வீட்டைப் பார்க்க வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாருங்கள். நாலாம் திகதி, செவ்வாய்க்கிழமை. பாரைமீன் ஆணம் வைக்கிறேன். அன்றைக்கு எனக்குக் கிளினிக் இருக்கிறது, நாலு மணிக்குத்தான் முடியும். முந்தி வந்தால் படியில் உட்கார்ந்திருங்கள். சாவி ஒன்றுதான், அது என்னிடம் இருக்கிறது.

உங்கள் தங்கச்சி
நப்லா